இசைத்தட்டைத் துடைக்கும் முன்: பாதுகாப்பான கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் வழி

பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கும் ஒருவர் முதலில் கேட்பது, தட்டைத் துடைக்க எந்தத் திரவத்தை வாங்குவது என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்கு முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. கையில் இருக்கும் தட்டு எந்தப் பொருளால் ஆனது? அதன் மேல் படிந்திருப்பது எந்த வகை அழுக்கு? இவ்விரண்டும் தெரியாத நிலையில், ‘எல்லாத் தட்டுகளுக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டு விற்கும் எதையும் நம்பி வாங்க இயலாது. வினைல் தட்டுக்கு உதவும் ஒரு திரவம் அரக்குத் தட்டின் பரப்பைக் கரைத்துவிடும். உலர்ந்த தூசிக்கென்று செய்த தூரிகையை எண்ணெய்ப் பிசுக்கின் மேல் இழுத்தால், பிசுக்கு தட்டு முழுவதும் பரவுவதோடு தூரிகையும் வீணாகிப்போகும்.

பள்ளத்தின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டால் பல ஐயங்கள் தாமாகவே தீரும். ஓர் எல்.பி. தட்டில், அதாவது நெடுநேரம் ஓடும் பெரிய தட்டில், பாட்டு பதிந்துள்ள பள்ளத்தின் மேல்வாய் ஏறக்குறைய 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் ஊசி அந்தப் பள்ளத்தின் வழியே சுமார் 400 மீட்டர் தொலைவு செல்கிறது. ஊசியின் மேல் இறங்கும் எடை ஒன்றரை அல்லது இரண்டு கிராம்தான் என்றாலும், வைர நுனி சுவரைத் தொடும் இடம் மிகச் சிறியது என்பதால் அங்கே அழுத்தம் மிக அதிகம். வழியில் கிடக்கும் தூசித் துகளை ஊசி எப்போதும் தள்ளிவிட்டுப் போவதில்லை. பல வேளைகளில் அதைச் சுவருக்குள் அழுத்திப் பதித்துவிடுகிறது. அப்படிப் பதிந்தது பிறகு எந்தக் கழுவலுக்கும் வராது.

ஆகவே ஒரு கருவி பாதுகாப்பானதா என்பதை, அது தொடுவதற்கு மென்மையாக இருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்ய முடியாது. பள்ளத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கிளப்புவது ஒரு வேலை. கிளப்பிய அழுக்கைத் தட்டைவிட்டே வெளியேற்றுவது வேறொரு வேலை. விற்பனைக்கு வரும் பொருள்களில் பெரும்பாலானவை முதல் வேலையை மட்டுமே செய்கின்றன. தட்டுகளுக்கு நேரும் கேட்டில் பெரும்பகுதி இரண்டாவது வேலை நடக்காமல் போவதால்தான் வருகிறது என்பது என் கணிப்பு. கிளம்பிய மணலும் கரைந்த பிசுக்கும் பள்ளத்திலேயே உலர்ந்து, முன்பு ஓரிடத்தில் இருந்த அழுக்கு இப்போது எல்லா இடத்திலும் இருக்கும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு கருவியையும் இந்தக் கண்கொண்டே பார்க்கலாம்.

முதல் படி: தட்டு எதனால் ஆனது என்று அறிதல்

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டு 1948இல் கொலம்பியா நிறுவனத்தாலும், 45 சுற்றுச் சிறு தட்டு 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தாலும் அமெரிக்காவில் அறிமுகமாயின. இவற்றில் பெரும்பாலானவை வினைல், அதாவது பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றுக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகள், சில விலக்குகள் நீங்கலாக, அரக்கையும் கனிமத் தூளையும் கலந்து அழுத்திச் செய்யப்பட்டவை. மேலை நாடுகளில் 78 சுற்றுத் தட்டுகள் மறைந்துபோன பின்னரும் இந்தியாவில் 1960களிலும் அவை தொடர்ந்து வெளிவந்தன. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கே 78 சுற்றில் விற்பனைக்கு வந்தன. எனவே வீட்டுப் பரணில் இருந்து இறங்கும் திரைப்பாடல் தட்டு 1960களைச் சேர்ந்தது என்பதாலேயே அது வினைல் என்று எண்ணிவிடக் கூடாது.

நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் சுற்று எண்ணிக்கை அச்சாகியிருக்கும். அது தேய்ந்து மறைந்திருந்தால் எடையையும் தடிமனையும் பார்க்கலாம். அரக்குத் தட்டு அளவுக்கு மீறிய கனமாக இருக்கும். விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டினால் அரக்கு பீங்கான் போலக் கூர்மையாக ஒலிக்கும், வினைல் மங்கலாக ஒலிக்கும். வளைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம், அரக்குத் தட்டு வளையாது, உடையும்.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர்களின் வேலையே சான்று. அவர்கள் அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்தே பாலிஷைத் தயாரிக்கிறார்கள். அதே ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், அரக்குத் தட்டின் மேல் பட்டாலும் அதையேதான் செய்யும். ஆல்கஹால் எந்த அளவில் கலந்த திரவமானாலும் 78 சுற்றுத் தட்டின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வினைலுக்குரிய ஆபத்து வேறு வகையானது. தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் பசை, பி.வி.சி.யின் மேல்பரப்பைச் சற்றே கரைத்து இளக்கித்தான் ஒட்டுகிறது. அந்த இனத்தைச் சேர்ந்த கரைப்பான்கள், குறிப்பாக நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோனும் பெயின்ட் கலக்கும் தின்னரும், வினைல் பள்ளத்தை மீட்க முடியாதபடி சிதைத்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நேரடியாக வெட்டிப் பதிந்த ‘லேக்கர்’ தட்டுகள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய பூச்சு உடையவை. பெயர் அச்சாகாமல் கையால் எழுதிய தாளும், விளிம்பிலோ நடுத்துளையிலோ தெரியும் உலோகமும் இருந்தால் அது இந்த வகையாக இருக்கலாம். அதில் உள்ள ஒலிக்கு வேறு படி இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், புதியவர் அதைத் துடைக்கவே வேண்டாம். உறையில் இட்டு, ஒலி ஆவணக் காப்பகத்தில் பழகியவரிடம் காட்டுவதே முறை.

இரண்டாம் படி: சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தல்

மேசை விளக்கொன்றை ஒரு பக்கமாக வைத்து, தட்டை விளிம்பாலும் நடுத்தாளாலும் மட்டும் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் பளபளவென்று தெரியும் தட்டுகூட இப்படிப் பார்க்கும்போது தன் கதையைச் சொல்லிவிடும். மேலோட்டமாகக் கிடக்கும் தூசி தனித்தனிப் புள்ளிகளாக மின்னும். விரல் ரேகை வானவில் நிறம் கொண்ட மங்கலான திட்டாகத் தெரியும். சாம்பல் அல்லது வெண்மை நிறத்தில் கிளைகிளையாகப் பரவியிருந்தால் அது பூஞ்சை; கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அட்டை உறையோடு அடைந்து கிடந்த தட்டுகளில் அது மிகவும் சாதாரணம். முன்பு வைத்திருந்தவர் எதையோ ஊற்றித் துடைத்திருந்தால் துணி போன திசையிலேயே வரிவரியாகப் படலம் தெரியும். இந்தக் கடைசி வகைதான் அகற்றுவதற்கு அதிகப் பொறுமை கேட்கும்.

பள்ளங்கள் முழுவதும் சாம்பல் பூத்து, அந்த நிறம் எந்தச் சாய்விலும் மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் அழுக்கு அல்ல, தேய்மானம். கனமான பழைய ஊசிகளால் பலமுறை ஓட்டப்பட்ட தட்டுகளில் இதைக் காணலாம். எந்தக் கருவியும் அதைச் சரிசெய்யாது என்று தெரிந்துகொண்டால், அதன் பேரில் செலவிடும் பணமாவது மிஞ்சும்.

மூன்றாம் படி: உலர்ந்த தூசிக்குரிய கருவிகள்

புதியவர் முதலில் வாங்க வேண்டிய ஒரே கருவி கார்பன் இழைத் தூரிகை. இதன் இழை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.007 மில்லிமீட்டர் தடிமனே உடையது என்பதால் பள்ளத்துக்குள் இறங்க முடியும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே தட்டில் தேங்கியிருக்கும் நிலைமின்னேற்றத்தில் ஒரு பகுதி, தூரிகையின் உலோகப் பிடி வழியாகவும் பிடித்திருக்கும் கையின் வழியாகவும் வெளியேற வாய்ப்புண்டு. வாங்கும்போது பிடி உலோகத்தால் ஆனதா, இழைகள் அந்த உலோகத்தைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பிடி உடைய மலிவான தூரிகைகளில் இந்தப் பயன் குறைவு.

தட்டு சுழலும்போது தூரிகையைத் தன் எடையளவுக்கு மட்டும் தொடும்படி வைத்து, இரண்டு மூன்று சுற்றுகள் ஓடவிட்டு, பிறகு மெல்ல விளிம்பை நோக்கி நகர்த்தி எடுக்க வேண்டும். அழுத்தினால் இழைகள் வளைந்து, பள்ளத்தின் மேலாகப் படுத்துத் தூசியைத் தேய்க்கும். இழைகளை விரலால் தொடவும் கூடாது, தோலின் எண்ணெய் அவற்றில் ஏறி அடுத்த தட்டுக்குப் போகும்.

வெல்வெட் ஒட்டிய மரக்கட்டைத் தூரிகைகள் 1970களிலிருந்தே பழக்கத்தில் உள்ளவை. அவை மோசமானவை அல்ல. ஆனால் வெல்வெட்டின் மயிர் ஒரே திசையில் சாய்ந்திருப்பதைக் கவனித்து அதற்கேற்பப் பிடிக்க வேண்டும், அடிக்கடி சுத்தம் செய்யவும் வேண்டும். ஒட்டும் தன்மையுள்ள சிலிக்கோன் உருளைகள் மேற்பரப்புத் தூசியை நன்றாக எடுக்கும், பள்ளத்துக்குள் அவ்வளவாகப் போகா. நிலைமின்சாரத்தை நீக்கும் துப்பாக்கி வடிவக் கருவியைப் பலர் பரிந்துரைப்பார்கள். காற்றில் ஈரம் குறைந்த ஊர்களிலும் குளிர்பதன அறைகளிலும் அது உதவும். ஆண்டின் பெரும்பகுதி வியர்த்துக்கொண்டே இருக்கும் கடலோர வீடுகளில் அதற்கு அவசரம் இல்லை.

பழைய வேட்டித் துணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைமுறைகளாக நம் வீடுகளில் தட்டுகளைத் துடைத்தது அதுதான். துவைத்துத் துவைத்து மென்மையானது என்பது உண்மையே ஆயினும், அது நூல் துகளை உதிர்க்கும். உலர்ந்த தட்டில் தேய்த்தால் நிலைமின்சாரத்தை உண்டாக்கி அந்தத் துகளையே தட்டோடு ஒட்டவைக்கும். உறையின் வெளிப்புறத்தைத் துடைக்க அதை வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: தண்ணீர்

தட்டைக் கழுவுவதில் அதிகம் அலட்சியம் செய்யப்படுவது தண்ணீர்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தின்படி, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. குடிப்பதற்குத் தீங்கில்லாத அந்த நீர் பள்ளத்தில் உலர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 500 அளவுள்ள நீரில் 2 மில்லிலிட்டர் ஒரு பக்கத்தில் காய்ந்தால் 1 மில்லிகிராம் உப்பு அங்கேயே தங்கும். எடையில் அது ஒன்றுமில்லை. முடியின் தடிமனே உள்ள பள்ளத்தில் அது படபடவென்று வெடிக்கும் ஓசையாகக் கேட்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் இதற்கு ஆகா. வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரும் கேன் தண்ணீரும் அவற்றைவிட மேல் என்றாலும், குடிப்பதற்கென்று ஓரளவு உப்பு அவற்றில் இருக்கவே செய்யும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் கட்டாயம் வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் ‘டிஸ்டில்டு வாட்டர்’ போதுமானது. ஆனால் அதே கடையில் பேட்டரி அமிலமும் அதே போன்ற குடுவையில் இருக்கும் என்பதால் மேலே ஒட்டிய தாளை வாசித்துவிட்டே வாங்க வேண்டும். நீரில் கரைந்துள்ள உப்பை, அதாவது டி.டி.எஸ். அளவைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்று கையில் இருந்தால், வாங்கிய நீரில் அது ஒற்றை இலக்கம் காட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். இந்த மீட்டருக்குச் செலவிடும் பணம், விலையுயர்ந்த திரவப் புட்டிக்குச் செலவிடுவதைவிடப் பயனுள்ளது என்பேன்.

ஐந்தாம் படி: கலவை

வினைல் தண்ணீரை விலக்கும் தன்மை உடையது. வெறும் நீரை ஊற்றினால் அது முத்து முத்தாகத் திரண்டு நிற்குமே தவிரப் பள்ளத்துக்குள் இறங்காது. இறங்கச் செய்வதற்குத்தான் ஈரமாக்கி ஒன்று வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் இசைத்தட்டுகளுக்கு டெர்ஜிட்டால் என்னும் அயனியற்ற ஈரமாக்கியை உப்பு நீக்கிய நீரில் மிகக் குறைந்த அளவில் கலந்து பயன்படுத்தும் முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. இங்கே அது எளிதில் கிடைக்காதவர்கள், புகைப்படச் சுருள் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் ஈரமாக்கியை நாடலாம். கோடாக் நிறுவனத்தின் போட்டோ-ஃப்ளோ 200 இவ்வகையைச் சேர்ந்தது. சுருளுக்கு அதை 200 பங்கு நீருக்கு ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் என்ற அளவில் கலப்பார்கள். தட்டுக்கு அதற்குமேல் எந்நாளும் தேவைப்படாது. அதில் எளிதில் ஆவியாகாத சேர்மானமும் இருப்பதால் பின்னர் நன்றாக அலச வேண்டும்.

பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டு போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அழுக்கை அது எடுக்கும் என்பதில் ஐயமில்லை. மணத்துக்கும் நிறத்துக்கும் கைகளின் மென்மைக்கும் சேர்த்த பொருள்களும் அதில் உள்ளன, அவற்றை எடுப்பது அழுக்கை எடுப்பதைவிடக் கடினம்.

வினைலுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கலக்கலாமா என்பது ஓயாத வழக்கு. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை கலந்து, சில நிமிடங்களுக்குமேல் நிற்கவிடாமல் அலசிவிடுகிறவர்கள் ஏராளம். அதையும் தவிர்ப்பவர்கள் உண்டு. விரல் ரேகைப் பிசுக்கோ பூஞ்சையோ இருக்கும் வினைல் தட்டுக்கு மட்டும் அதை எடுத்து, மற்றவற்றுக்கு ஈரமாக்கி கலந்த நீரே போதும் என்று வைத்துக்கொள்வது புதியவருக்கு நல்லது. மருந்துக்கடையில் வாங்கும்போது கலப்பில்லாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலா என்று பார்க்க வேண்டும். கை சுத்தம் செய்யும் திரவத்தில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு சேர்மானங்கள் இருக்கலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் கலக்க வேண்டும்.

அரக்குத் தட்டுக்கு ஈரமாக்கி கலந்த நீர் மட்டுமே உரியது, அதையும் நெடுநேரம் ஊறவிடக் கூடாது. விரிசல் விட்ட, விளிம்பு பெயர்ந்த தட்டுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பழைய கொலம்பியா தட்டுகள் சில அடுக்கடுக்காகச் செய்யப்பட்டு உள்ளே தாளும் வைத்தவை, விரிசல் வழியே நீர் புகுந்தால் அவை உப்பிப் பிரியும்.

ஆறாம் படி: தேய்க்கும் கருவியும் நீரை வெளியேற்றும் கருவியும்

தேய்க்கும் தூரிகையைத் தேர்ந்தெடுக்கும்போது இழையின் தடிமனையே முதலில் பார்க்க வேண்டும். பல் துலக்கும் தூரிகையின் இழை ஏறக்குறைய 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும், அதாவது எல்.பி. பள்ளத்தின் வாயைவிட இரண்டு மூன்று மடங்கு தடித்தது. ‘மென்மையானது’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அது பள்ளத்துக்குள் நுழையவே நுழையாது; பள்ளங்களுக்கு இடையே உள்ள மேட்டை மட்டும் உரசிக்கொண்டிருக்கும். இசைத்தட்டுக்கென்று விற்கும் நைலான் தூரிகைகளில் சிலவற்றின் இழை 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது. ஆட்டு மயிர்த் தூரிகையும் குறு இழை கொண்ட மைக்ரோஃபைபர் பட்டையும் ஈரத்தில் நன்றாக வேலை செய்யும். ஆனால் எந்த இழையும் பள்ளத்தின் அடிவரை முழுமையாகப் போகாது. அடியில் வேலை செய்வது திரவம்தான். தூரிகை அந்தத் திரவத்தை அசைத்துக்கொடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்ற எண்ணமே வராது.

தூரிகையைப் பள்ளம் போகும் வட்டத் திசையில் மட்டும் செலுத்த வேண்டும். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்காக இழுத்தால், சிக்கியிருக்கும் ஒரு மணல் துகள் பல நூறு பள்ளங்களைக் கடந்து போகும். ஒரு சாதாரணத் துணியை விரித்து அதன் மேல் தட்டை வைத்துத் தேய்ப்பதும் கூடாது. மேல்பக்கம் சுத்தமாகும்போது கீழ்ப்பக்கம் துணியில் உரசும். தட்டைச் சுழற்றி ஓட்டும் பழைய டர்ன்டேபிள் ஒன்றின் சுழல்மேடை கிடைத்தால் அதைக் கழுவுவதற்கென்றே ஒதுக்கிவிடலாம். பாட்டு கேட்கும் டர்ன்டேபிளின் மேல் ஈர வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்தது வெளியேற்றுவது. இதற்கு நான்கு வழிகள் உண்டு. விலையும் அந்த வரிசையிலேயே ஏறும்.

முதலாவது, கையால் அலசுவது. தெளிப்பான் புட்டியில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, தட்டைச் சாய்த்துப் பிடித்து, நடுத்தாள் நனையாதபடி மேலிருந்து கீழாக அடிக்க வேண்டும். நடுத்தாளை மூடிக்கொள்ளும் இரு வட்ட மூடிகள் தனியே விற்பனைக்கு உண்டு. கழுவத் தொடங்குகிறவருக்கு அவை வீண் செலவு அல்ல. அச்சு மை கலைந்த தாள் திரும்ப வராது.

இரண்டாவது, தொட்டி வகைக் கருவி. அமெரிக்காவில் 1975 முதல் விற்பனையில் இருக்கும் ஸ்பின்-க்ளீனும், ஜெர்மனியின் நோஸ்டியும் இவ்வகையில் பெயர் பெற்றவை. குறுகிய தொட்டியில் தட்டை நிறுத்தி, இரு பக்கமும் இருக்கும் பட்டைகளுக்கு இடையே கையால் சுழற்றினால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கழுவப்படும். எளிமையான, மின்சாரம் வேண்டாத, நியாயமான விலையுள்ள வழி. குறை ஒன்றுதான்: முதல் தட்டின் அழுக்கு இரண்டாம் தட்டு இறங்கும் நீரில் மிதக்கிறது. நீர் கலங்கியது கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காமல், சில தட்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும், கழுவியதை வேறு நீரில் அலசுவதும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். பூஞ்சை பிடித்த தட்டுகளைக் கடைசியில் கழுவி அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, உறிஞ்சும் இயந்திரம். இங்கிலாந்தில் கீத் மாங்க்ஸ் உருவாக்கிய இயந்திரங்கள் 1960களின் இறுதியிலிருந்து பி.பி.சி. போன்ற ஒலிபரப்பு நிறுவனங்களுக்குப் போயின. அவற்றில் மெல்லிய குழாய்முனை ஒன்று நூலிழையை இடையில் வைத்துக்கொண்டு பள்ளம் பள்ளமாக அழுக்கு நீரை உறிஞ்சிக்கொண்டே செல்லும். இன்று பரவலாக விற்கும் வி.பி.ஐ., ஒக்கி நொக்கி, ப்ரோ-ஜெக்ட் போன்ற இயந்திரங்களில் வெல்வெட் விளிம்பிட்ட குழாய் ஒன்று தட்டின் ஆரம் முழுவதையும் ஒரே வேளையில் உறிஞ்சும். அழுக்கு நீர் உலர்வதற்குள் வெளியேறிவிடுகிறது என்பதுதான் இவற்றின் சிறப்பு. அந்த வெல்வெட் பட்டையே இவற்றின் பலவீனமும் ஆகும். ஒரு தட்டின் மணல் அதில் தங்கினால் அடுத்த தட்டில் வட்டமாகக் கீறும். ஒவ்வொரு முறையும் பட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும், மாற்றுப் பட்டை தனியே கிடைக்கும் இயந்திரத்தையே வாங்க வேண்டும். நீர் முழுவதும் போன பின்னும் சுழலவிட்டால் உலர்ந்த வெல்வெட் நிலைமின்சாரத்தை ஏற்றும். இரண்டு சுற்றுகளில் நிறுத்திவிடலாம். வீட்டைக் கூட்டும் வாக்குவம் கிளீனரின் வாயை நேரடியாகத் தட்டின் மேல் வைப்பதை யாரும் முயல வேண்டாம்.

நான்காவது, மீயொலிக் கருவி. காதுக்கு எட்டாத ஒலியலைகளால் நீரில் எழும் நுண்குமிழிகள் உடையும் விசையால் தூரிகை போகாத இடத்திலும் அழுக்கு விடுபடும். பொதுவான தொட்டிகள் 40 கிலோஹெர்ட்ஸில் இயங்கும். எஸ்டோனியாவின் டிகிரிட்டர் 120 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அலைவெண் உயர்ந்தால் குமிழி சிறிதாகும், தாக்கம் மென்மையாகும். இதில் ஆபத்து வெப்பம். தொட்டி ஓட ஓட நீர் சூடேறும், சில தொட்டிகளில் சூடேற்றியும் இருக்கும். நீரை 35 டிகிரி செல்சியஸுக்குமேல் போகவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் வினைல் நெளியும் அச்சம் இல்லை; நம் ஊர்க் கோடையில் மொட்டை மாடித் தொட்டியின் நீர் குழாயிலிருந்து வரும்போதே அந்தச் சூட்டைத் தாண்டியிருக்கும் என்பதால் வெப்பமானி ஒன்றை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. நகை, மூக்குக்கண்ணாடி கழுவும் சிறு தொட்டியில் தட்டை முக்கிச் சுழற்ற மோட்டார் பொருத்தி விற்கிறார்கள். நடுத்தாள் நீருக்கு வெளியே நிற்கிறதா, தட்டு தொட்டியின் சுவரைத் தொடாமல் சுழல்கிறதா என்பவற்றைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இதிலும் கடைசியில் அலசல் தேவை.

உலர்த்துவதற்குப் பிளாஸ்டிக் அல்லது மரத்தாலான தட்டுத்தாங்கி போதும். வெயிலில் வைத்தால் தட்டு நெளிந்துவிடும். சுழலும் மின்விசிறியின் கீழ் வைத்தால், அறையின் தூசி முழுவதும் ஈரத் தட்டில் வந்து சேரும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுப்பதானால் விளிம்புத் தையல் இல்லாத துணியைத் தேர்ந்தெடுத்து, அதைத் துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து வைத்திருக்க வேண்டும்.

எந்நிலையிலும் வேண்டாதவை

கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம், துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பு, பெட்ரோல், மண்ணெண்ணெய், பற்பசை ஆகியவை எவ்வளவு பழைய பரிந்துரையாக இருந்தாலும் வேண்டாம். எண்ணெய்த் தெளிப்பு ஓரிரு முறை ஓசையைக் குறைத்ததுபோல் தோன்றும். பிறகு அந்த எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், ஊசியிலும் ஏறும். பற்பசையில் தேய்க்கும் துகள் இருக்கிறது. மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தட்டு முழுவதும் ஊற்றி, உலர்ந்ததும் தோலாக உரித்தெடுக்கும் முறையைப் படங்களில் பார்க்கப் பரவசமாக இருக்கும். பசை மெல்லிதாக விழுந்த இடத்தில் அது உரியாமல் பள்ளத்திலேயே நிற்கும், அரக்குத் தட்டில் பரப்பையே பெயர்க்கலாம். அலமாரியில் பாச்சை உருண்டை போடுவதும் வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

ஏழாம் படி: ஊசியும் உறையும்

சுத்தமான தட்டில் அழுக்கு ஊசியை வைத்தால் செய்த வேலை வீண். ஊசியைத் துடைக்கச் சிறிய கார்பன் தூரிகை ஒன்று போதும். ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜின் பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி, அதாவது தட்டு சுழலும் திசையிலேயே, ஒரே வாக்கில் இழுக்க வேண்டும். பக்கவாட்டிலோ எதிர்த்திசையிலோ இழுத்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளையும். ஊசி இறங்கி ஏறும் மென்பசைத் திண்டுகள் இன்னும் பாதுகாப்பானவை. ஆல்கஹால் தோய்த்துத் துடைப்பது, வைரத்தை ஒட்டியிருக்கும் பசைக்கும் உள்ளே இருக்கும் ரப்பருக்கும் நல்லதல்ல. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்துவிட்டே இவற்றைச் செய்ய வேண்டும்.

கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையிலேயே திரும்ப வைப்பது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடும் கதை. பழைய தாள் உறை பொடிந்து தூசியை உதிர்க்கும். பூஞ்சையின் வித்தும் அதில் இருக்கும். பாலிஎத்திலீன் உள்ளுறைகளே ஏற்றவை. வெளியுறைக்கும் பாலிஎத்திலீனையோ பாலிபுரோப்பிலீனையோ கேட்டு வாங்க வேண்டும். கனத்த பளபளப்பான பி.வி.சி. உறைகளிலிருந்து கசியும் இளக்கிகள், அதாவது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள்கள், நாளடைவில் வினைலின் மேல் புகைபோன்ற படலத்தை உண்டாக்கும். அந்தப் படலம் பல வேளைகளில் எந்தத் திரவத்துக்கும் அசையாது. பூஞ்சை பிடித்த உறையைப் படத்துக்காக வைத்துக்கொள்வதானால் தட்டைவிட்டுத் தனியே வைக்கலாம். அந்தப் பூஞ்சையைத் தட்டும்போது முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே நின்று செய்ய வேண்டும்.

வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கார்பன் தூரிகை, ஊசித் தூரிகை, புதிய உள்ளுறைகள் ஆகிய மூன்றோடு தொடங்கலாம். கடையில் புதிதாக வாங்கிய தட்டுகளுக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும். பழைய தட்டுகள் சேரத் தொடங்கும்போது காய்ச்சி வடித்த நீர், ஈரமாக்கி, மென்தூரிகை, தட்டுத்தாங்கி. ஐம்பது அறுபது தட்டுகளைத் தாண்டும்போது தொட்டி வகைக் கருவி. உறிஞ்சும் இயந்திரம் நூற்றுக்கணக்கில் பழைய தட்டு வாங்குகிறவருக்கே விலைக்குத் தகுந்த பயனைத் தரும். அப்போதும் நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம், ஏனென்றால் அது மாதத்தின் பெரும்பாலான நாள்களில் சும்மாவே நிற்கும்.

எந்தக் கருவியானாலும் முதலில் விலைமதிப்பில்லாத வினைல் தட்டு ஒன்றில் முயன்று பார்க்க வேண்டும். கழுவுவதற்கு முன் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, கழுவி முழுவதும் உலர்ந்தபின் அதே பாட்டை மீண்டும் கேட்டு, முடிந்ததும் ஊசியின் நுனியை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் ஊசியில் சிறிது வெள்ளைப் பஞ்சு சேர்ந்தால் அது கிளம்பி நின்ற மிச்ச அழுக்கு. காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு முறை அலசினால் போய்விடும். இரண்டாம் அலசலுக்குப் பின்னும் சேர்ந்தால் ஈரமாக்கியின் அளவு அதிகம் என்று பொருள். அடுத்த கலவையில் அதைப் பாதியாக்கிப் பார்க்கலாம். திருப்தியான பிறகு, கழுவிய தேதியையும் கலவையின் அளவையும் ஒரு சிறு தாளில் பென்சிலால் எழுதி, புதிய உள்ளுறைக்கு வெளியே, அட்டை உறைக்குள் வைத்தால், ஓராண்டு கழித்து அதே தட்டு ஓசை எழுப்பும்போது காரணத்தை எங்கே தேடுவது என்பது தெரிந்திருக்கும்.